மருந்துக்கு முன் கிணற்றடி

தாதி என்றதும் எம்மில் பலருக்கு நினைவில் வருவது வெள்ளைச் சீருடையும், ஊசியும், வைத்தியசாலைக் கட்டிலும்தான். நோய் வந்த பின்னர் நாம் தேடிச் செல்லும் ஒருவராகவே அவரை அறிந்திருக்கிறோம். ஆனால் சர்வதேச தாதியர் பேரவை தனது ஒழுக்கக் கோவையில் தாதியின் கடமைகளை நான்காக வகுத்துள்ளது. சுகத்தை மேம்படுத்தல், நோயைத் தடுத்தல், இழந்த சுகத்தை மீட்டல், துன்பத்தைத் தணித்தல் என்பனவே அவை. இந்த ஒழுங்கைச் சற்றுக் கவனியுங்கள். நான்கில் இரண்டு, நோயாளி கட்டிலில் படுப்பதற்கு முன்னரே செய்யப்பட வேண்டியவை. அதாவது தாதிப் பணியின் ஒரு பாதி வைத்தியசாலைக்கு வெளியே, வீட்டிலும் கிணற்றடியிலும் அடுப்படியிலும்தான் இருக்கின்றது.

காணியை விட்டு வந்து முகாமிலோ, உறவினர் வளவிலோ, வெள்ள காலத்தில் பாடசாலை மண்டபத்திலோ வாழ நேர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இந்தப் பாதியே பெரிய பாதி. இப்படியான இடங்களில் பிள்ளைகளின் உயிரைப் பறிப்பவை பெயர் தெரியாத புதிய நோய்கள் அல்ல. வயிற்றோட்டம், நியுமோனியா, சின்னமுத்து, மலேரியா, இவற்றுக்கெல்லாம் வழி திறந்து விடும் ஊட்டக்குறைவு ஆகியவையே உலகெங்கும் அகதி முகாம்களில் பெருமளவு மரணங்களுக்குக் காரணமாய் இருந்துள்ளன. இவற்றில் ஏறக்குறைய அனைத்தையும் தடுக்கலாம். இதை நாம் புத்தகத்தில் கற்றிருந்தோம். ஆனால் ஒரு பிள்ளையை இழந்த பின்னரே விளங்கிக் கொண்டோம்.

பூட்டி வைத்த பெட்டி

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து மக்கள் வெளியேறியதை இப்பக்கங்களை வாசிப்போரில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மாரி மழைக்குள் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் ஒரு பகுதியினர் நாம் பொறுப்பாயிருந்த வளவிலும் தங்கினார்கள். ஒரு மண்டபம், கிடுகு வேய்ந்த இரண்டு கொட்டில்கள், ஒரு கிணறு, நான்கு மலசலகூடங்கள். இவ்வளவுதான் அங்கே இருந்தன. வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் செய்த கைகள் நிவாரண வரிசையில் நின்றன. நாமோ பெயர்ப் பட்டியல், அரிசி, மா, தறப்பாள் என்று ஓடித் திரிந்தோம்.

மூன்றாவது கிழமை பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. அதில் பதினான்கு மாதக் குழந்தை ஒன்று. தாய் பாலையும் நிறுத்தித் தண்ணீரையும் நிறுத்தியிருந்தார். ஏன் என்று கேட்டோம்.

“தண்ணி குடுத்தா இன்னும் போகும் எண்டு ஊரிலை சொல்லுவினம், சுவாமி.”

அவர் பிள்ளைமேல் அன்பில்லாமல் அப்படிச் செய்யவில்லை. தமக்குத் தெரிந்தபடி காப்பாற்றவே முயன்றார். நாம் ஒரு உழவு இயந்திரத்தைத் தேடி ஓடினோம். எண்ணெய் தேட மேலும் நேரம் சென்றது. வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே குழந்தை தாயின் மடியில் அடங்கிவிட்டது.

மறுநாள் சாமான் அறையைத் திறந்தபோது ஒரு பெட்டி கண்ணில் பட்டது. அதற்குள் ஜீவனிப் பைக்கற்றுகள் இருந்தன. ஒரு கிழமைக்கு முன்பே வந்த பெட்டி அது. நாமே அதைப் பதிவேட்டில் எழுதி, அடுக்கி, பூட்டி வைத்திருந்தோம். அதை எப்படிக் கரைப்பது, எப்போது கொடுப்பது என்று ஒரு தாய்க்கேனும் சொல்லவில்லை. இந்தப் பிழை எம்முடையது. அதை வேறு எவர்மீதும் சுமத்த முடியாது.

அந்த வளவிலே ஓய்வுபெற்ற தாதி ஒருவரும் தங்கியிருந்தார். எல்லோரும் அவரை மிஸி என்றே அழைத்தார்கள். அன்று மாலை அவர் எம்மிடம் வந்தார். மருந்துப் பட்டியல் தரப் போகிறார் என்றே எண்ணினோம்.

“மருந்தைப் பிறகு பாப்பம் சுவாமி. முதல்லை என்னோடை கிணத்தடிக்கு வாங்கோ” என்றார்.

ஒரு மணித்தியாலம் அங்கே நின்றோம். நாளாந்தம் கடந்து போன இடத்தை அன்றுதான் பார்த்தோம். ஒவ்வொருவரும் தத்தம் வாளியை மண்ணில் வைத்து, அதே மண்ணோடு கிணற்றுக்குள் இறக்கினார்கள். கட்டோடு ஒட்டியே பிள்ளைகளின் அழுக்குத் துணி அலசப்பட்டது. அலசிய நீர் வெடிப்பு வழியாகத் திரும்பக் கிணற்றுக்குள் வடிந்தது. மண்டபத்தில் தண்ணீர் மூடியில்லாத சட்டிகளில் இருந்தது. ஆளுக்காள் பேணியையும் கையையும் உள்ளே விட்டு அள்ளினார்கள். மலசலகூட வாசலில் கை கழுவ ஒரு சொட்டு நீரோ, சாம்பலோ இல்லை.

மிஸி கேட்டவை மிகச் சில. கிணற்றுக்குப் பொதுவான ஒரு வாளியும் கயிறும், கட்டைச் சுற்றிப் பூச ஒரு அந்தர் சீமெந்து, துணி தோய்க்கத் தூரத்தில் ஒரு கல், மலசலகூடங்களுக்கு அருகே தண்ணீர்ப் பீப்பாவும் சவர்க்காரமும், குளோரின் இடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், இவற்றோடு எழுத வாசிக்கத் தெரிந்த இளம் பெண்கள் ஐவரும் ஆண்கள் இருவரும். ஒவ்வொருவருக்கும் பத்துக் குடும்பங்கள் வரை பிரித்துக் கொடுத்தார். ஜீவனியைத் தாய்மாரின் முன்னே கரைத்துக் காட்டி, அவர்கள் கையாலேயே திரும்பக் கரைக்க வைத்தார். நாக்கில் வைத்து உப்புப் பார்க்கச் சொன்னார்.

“கண்ணீரை விட உப்பாய் இருக்கக் கூடாது. விளங்குதோ?”

பெரிய நிறுவனம் எதுவும் வரவில்லை. பெரிய பணமும் செலவாகவில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு முந்திய பாடம்

மிஸி செய்தது அவர் தாமாகக் கண்டுபிடித்த வழியல்ல. அவருடைய தொழிலின் வேரிலேயே உள்ள வழி அது. நவீன தாதிப் பணியின் தாய் எனப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேலை விளக்கேந்திய சீமாட்டியாகவே எமது பாடப் புத்தகங்கள் காட்டின. ஆனால் அவர் கற்ற பெரிய பாடம் விளக்கைப் பற்றியதல்ல, சாக்கடையைப் பற்றியது.

1854 நவம்பரில், கிரிமியப் போரின்போது, அவர் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். உணவைத் திருத்தினார், துணிகளைத் துவைப்பித்தார், இரவிரவாக நோயாளரைப் பார்த்தார். இருந்தும் அந்த மாரி காலத்தில் மரணங்கள் கூடிக்கொண்டே போயின. 1855 பெப்ரவரியில் அங்கு சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் காயத்தால் அல்ல, வயிற்றோட்டம், வாந்திபேதி, காய்ச்சல் முதலிய நோய்களாலேயே மாண்டனர். அவ்வாண்டு மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கட்டடத்தின் கீழிருந்த சாக்கடைகளைத் துப்புரவாக்கியது. இறந்த மிருகங்களை அகற்றியது. நீர் வழியைச் சுத்தம் செய்தது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. சில மாதங்களில் மரண வீதம் மளமளவென்று இறங்கியது.

நாடு திரும்பிய பின் நைற்றிங்கேல் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். தாம் அன்போடு பராமரித்தவர்கள் கட்டிலுக்குக் கீழே ஓடிய சாக்கடையால் இறந்தார்கள் என்பதைக் கண்டார். அதை மறைக்காமல் வரைபடமாக்கி அரசுக்கு முன் வைத்தார். 1859இல் அவர் எழுதிய தாதிப் பணி பற்றிய நூல், வைத்தியசாலைத் தாதியருக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. வீட்டில் பிறரைப் பராமரிக்கும் சாதாரண பெண்களுக்காக எழுதப்பட்டது. தூய காற்று, தூய நீர், கழிவு வடிகால், துப்புரவு, வெளிச்சம் ஆகிய ஐந்தையுமே அவர் வீட்டுச் சுகத்தின் அடிப்படையாக வைத்தார். பூட்டிய பெட்டியின் நினைவோடு இந்த வரலாற்றை வாசித்தபோது எமக்கு ஓர் ஆறுதலும் ஓர் எச்சரிக்கையும் கிடைத்தன. நல்ல மனம் மட்டும் போதாது. நல்ல மனம் கிணற்றடிக்கும் போக வேண்டும்.

எமது நாட்டில் வீட்டுப் படிக்கு வந்த பணி

இந்தப் பாடம் எமது தீவுக்கும் புதியதல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டது. நோயாளி வரும்வரை காத்திராமல், குறித்த ஒரு பிரதேசத்து மக்கள் அனைவருக்கும் ஒரு சுகாதாரக் குழுவைப் பொறுப்பாக்குவதே அதன் நோக்கம். அதிலிருந்து வளர்ந்ததே இன்று நாம் காணும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், முன்னர் மருத்துவமாது என்று நாம் அழைத்த குடும்ப நல உத்தியோகத்தர் ஆகியோர் எல்லாரும் இந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள்.

இதன் பலன் என்ன? 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களில் அது 500க்குக் கீழே வந்தது. வைத்தியசாலைகள் பெருகியதும் இதற்கு உதவியது உண்மை. ஆனால் துவிச்சக்கர வண்டியில் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிவு செய்த மருத்துவமாதுகளை விட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

இன்னொரு கதை மலேரியா. 1934-35ஆம் ஆண்டுகளில் இத்தீவில் ஏறத்தாழ 80,000 பேரை அது கொன்றது. பின்னர் நுளம்பு ஒழிப்பினால் 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் மட்டுமே காணப்பட்டனர். நோய் போய்விட்டது என்று காவல் தளர்ந்தது. 1960களின் முடிவில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். மறுபடியும் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியதாயிற்று. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆயினும் அதன்பின் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மலேரியாவைப் பரப்பக்கூடிய இன்னொரு வகை நுளம்பு கண்டறியப்பட்டுள்ளது. கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் அது பெருகும். வயலில் களையை ஒருமுறை பிடுங்கிவிட்டு வரம்பில் படுத்து உறங்கும் விவசாயி உண்டா? நோய்த் தடுப்பும் அத்தகையதே.

அகதி முகாமில் பிறந்த மருத்துவம்

எம்மைப் போல இடம்பெயர்ந்த மக்களிடையே நிகழ்ந்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போரினால் இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் பொங்காவோன் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழியே ஏற்றும் சேலைன் தீர்ந்து கொண்டிருந்தது. வைத்தியசாலைத் தரையில் நோயாளர் நெருக்கமாகக் கிடந்தார்கள்.

அங்கே பணி செய்த டொக்டர் திலீப் மகாலனாபிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். உப்பு, குளுக்கோசு, சோடியம் பைகார்பனேற்று ஆகியவற்றை அளந்து பைகளில் அடைத்து, முகாமில் நீரில் கரைத்து, வாயால் குடிக்கக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பலர் தாதியர் அல்லர். நோயாளரின் தாய், சகோதரன், பிள்ளை ஆகிய உறவினரே பேணியை ஏந்தினார்கள். முன்பு நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம், இந்தக் கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடையே 4க்கும் கீழே இறங்கியது. குடலில் உப்பும் சீனியும் சேர்ந்து இருக்கும்போது உடல் நீரை உள்ளே இழுத்துக் கொள்கிறது. வயிற்றோட்டம் நிற்காவிட்டாலும் உயிர் நிற்கின்றது. அந்த மருத்துவர் 2022இல் காலமானார். ஜீவனிப் பைக்கற்று, அகதி முகாமில் தன்னை நிரூபித்த அந்த வழியின் தொடர்ச்சியே.

பின்னர் 1980க்கும் 1990க்கும் இடையில் பங்களாதேசத்தில் பிராக் நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அளந்த நீர் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்குக் கற்பித்தார்கள். தாய் மறக்காமல் செய்து காட்டினாளா என்பதைப் பொறுத்தே பணியாளருக்கு ஊதியம் கிடைத்தது. பெட்டியை அனுப்புவது பணியல்ல, தாயின் கைக்கு அறிவு சேர்வதே பணி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வயலும் உடலும்

தாதியர் நோய்த் தடுப்பை மூன்று நிலைகளாகப் பிரிப்பார்கள். விவசாயிக்கு இது இலகுவில் விளங்கும்.

முதலாவது, நோய் வரமுன் காத்தல். மழைக்கு முன் வரம்பு கட்டுவது போன்றது இது. மலங்கழித்த பின்னும் பிள்ளையைக் கழுவிய பின்னும் சமைக்கவும் ஊட்டவும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இதனால் வயிற்றோட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குடிநீரைக் கொதிக்க வைத்து, ஒடுங்கிய வாய்க் குடத்தில் மூடி, அகப்பையால் அல்லது சரித்து எடுங்கள். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். முகாமில் பால்மாப் போத்தல் பெரும் ஆபத்து. அதற்கு வேண்டிய சுத்தமான நீரும் கொதிக்க வைக்கும் விறகும் அங்கே கிடைப்பது அரிது. ஆறு மாதத்தின் பின் தாய்ப்பாலோடு பருப்பு, முட்டை, மீன், முருங்கையிலை முதலியவற்றை மசித்துச் சேருங்கள். தடுப்பூசியைத் தவற விடாதீர்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். அது தொலைந்தாலும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வயலுக்குத் திரும்பியோர் எலிக்காய்ச்சலுக்குரிய தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது, நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தல். முதல் இலை மஞ்சளாகும்போதே பயிரைப் பார்ப்பது போன்றது இது. வயிற்றோட்டம் தொடங்கியவுடன் ஜீவனியைப் பைக்கற்றில் குறித்த அளவு நீரில் கரையுங்கள். அது இல்லாவிடில் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். உப்பு கூடினால் ஆபத்து, ஆகவே அளவாய்ப் போடுங்கள். ஒவ்வொரு முறை வயிறு போன பின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கால் முதல் அரைக் கோப்பை வரை, சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்தின் பின் ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். பத்து முதல் பதினான்கு நாள் வரை கொடுக்கும் சிங்க் மருந்து பற்றியும் கிளினிக்கில் கேளுங்கள். கண் குழி விழுந்தால், சிறுநீர் குறைந்தால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள்.

மூன்றாவது, நோய் வந்தவர் மேலும் நலியாமல் காத்தல். வெள்ளம் வடிந்த பின் மிஞ்சிய நாற்றைத் தேற்றுவது போன்றது இது. நோயிலிருந்து எழுந்த பிள்ளைக்குச் சில நாட்கள் ஒரு நேரச் சாப்பாடு கூடக் கொடுப்பது, நீரிழிவு உள்ளவரின் காலைத் தினமும் பார்ப்பது, காலை இழந்தவரைக் கொட்டிலின் மூலையில் விட்டுவிடாமல் வேலையில் சேர்ப்பது என்பன எல்லாம் இதில் அடங்கும்.

கேட்பதும் தடுப்பே

எல்லாவற்றையும் தாய்மாரின் தலையில் சுமத்துவது நீதியாகாது. நீரில்லாத இடத்தில் கை கழுவச் சொல்வது பொருளற்ற பேச்சு. அனர்த்த நிவாரணத்துக்கான ஸ்பியர் கையேடு ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீரும், 20 பேருக்கு ஒரு மலசலகூடமும் வேண்டும் என்கிறது. மலக்குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. சுண்ணாம்புக் கற்பாறை உள்ள குடாநாட்டு மண்ணில் கழிவு இலகுவில் நிலத்தடி நீரோடு கலக்கும். ஆகவே அங்கே இன்னும் கவனம் தேவை. இவை எவரும் இரங்கித் தரும் பிச்சையல்ல. விதானையாரிடமும், பரிசோதகரிடமும், எம்மைப் போன்ற நிவாரணம் கொண்டு வருவோரிடமும் இந்த அளவுகளைச் சொல்லிக் கேளுங்கள். பெட்டி வந்தால், “இதுக்குள்ளை என்ன இருக்கு, எப்பிடிப் பாவிக்கிறது?” என்று கேளுங்கள். அன்று யாராவது எம்மிடம் அப்படிக் கேட்டிருந்தால் அந்தப் பெட்டி பூட்டிக் கிடந்திராது. அவர்கள் கேட்கும்படியாக நாம் நடந்து கொள்ளவில்லை என்பதும் உண்மை.

காணியை இழந்தவர் தம் கையில் இனி ஒன்றுமில்லை என்று எண்ணத் தொடங்குவார். நாம் கண்ட நோய்களில் மிகக் கொடியது அந்த எண்ணமே. மிஸி பத்துக் குடும்பங்களை ஒப்படைத்த அந்த இளம் பெண்களிடம் அதற்குரிய மருந்தையும் கண்டோம். காலையில் கிணற்றடியைக் கூட்டி, வாளியைக் கொளுவி, பிள்ளைகளைப் பார்க்கப் போனபோது அவர்கள் நிவாரணப் பட்டியலில் ஒரு இலக்கமாக இருக்கவில்லை. அந்த வளவின் காவலராக இருந்தார்கள்.

1996 ஏப்ரலில் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானோர் வலிகாமம் திரும்பினார்கள். மிஸியும் போனார். போகும்போது கிணற்றடியில் புதுக் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டுச் சென்றார். அந்த ஐந்து மாதங்களில் வயிற்றோட்டத்தால் இன்னொரு பிள்ளையை நாம் அடக்கம் செய்யவில்லை. முதலாவது பிள்ளையின் தாயும் அந்தப் பெண்களில் ஒருவரோடு சேர்ந்து, மற்றத் தாய்மாருக்குக் கரைசல் கரைத்துக் காட்டினார். அவரை நாம் கேட்கவில்லை. அவராகவே வந்தார்.

உங்கள் இடத்தில் இன்று மாலை ஒரு மணித்தியாலம் கிணற்றடியில் நின்று பாருங்கள். மாதர் சங்கமோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ இருந்தால் சேர்ந்து நில்லுங்கள். காணும் பிழைகளில் ஒன்றை மட்டும் நாளைக்குத் திருத்துங்கள். தாதிப் பணியின் முதற் பாதி அங்கேதான் தொடங்குகிறது.